கணக்குல லாபம், கையில காசு இல்ல: வேலையை விடறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு



"அண்ணா, கணக்குல லாபம்னு போட்டிருக்கீங்களே, அந்தக் காசு எங்க இருக்கு?"

என் சித்தி பையன் என்கிட்ட கேட்ட கேள்வி இது. பதில் எனக்குத் தெரியும். ஆனா அவன் வேலையை விடறதுக்கு முன்னாடியே அதைச் சொல்லியிருக்கணும். நான் சொல்லல. அதுக்காகத்தான் இந்தப் பதிவு.

தர்மபுரி பக்கம் இருக்கறவங்களுக்கு பாலக்கோடு தக்காளி மார்க்கெட் நல்லாத் தெரியும். ஒரு மாசம் விலை உச்சத்துல இருக்கும். இன்னொரு மாசம் பறிக்கற கூலிக்கே கட்டாம, பழத்தைச் செடியிலேயே விட்டுடுவாங்க. பெங்களூருல வேலை பார்த்த தம்பிக்கு அதைப் பார்த்துத்தான் ஐடியா வந்தது. விலை இறங்கும்போது வாங்கி, தொக்கு போட்டு பாட்டில்ல விக்கலாம். நல்ல யோசனைதான், ருசியும் நல்லா இருந்தது. 100 ரூபாய்க்கு வித்தா 20 ரூபாய் நிக்கும்னு கணக்கு காட்டினான். "நல்ல மார்ஜின்டா, பண்ணு"ன்னு சொல்லிட்டேன்.

மார்ஜினை மட்டும் பார்த்தேன். என் தப்பு அதுதான்.

மிஷின் செலவு போக, தொழில் நடத்த அவன் கையில இருந்தது 5 லட்சம். பிஎஃப் பணம் 3 லட்சம், பர்சனல் லோன் 2 லட்சம். நாலஞ்சு கிளை வச்சிருந்த ஒரு கடைக்காரர் மாசம் 3 லட்சத்துக்கு ஆர்டர் கொடுத்தார். வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம். ஒரே ஒரு கண்டிஷன், 90 நாள் கழிச்சுத்தான் பணம்.

இப்ப கணக்கைப் பாருங்க. 3 லட்சம் சரக்குக்கு அடக்கம் 2.40 லட்சம். தக்காளிக்கும் கூலிக்கும் உடனே காசு கொடுக்கணும்.

முதல் மாசம்: வெளிய போனது 2.40 லட்சம். வந்தது பூஜ்யம்.
ரெண்டாவது மாசம்: மொத்தம் 4.80 லட்சம். வந்தது பூஜ்யம்.
மூணாவது மாசம்: மொத்தம் 7.20 லட்சம் வேணும். அப்பவும் வந்தது பூஜ்யம்.

முதல் 3 லட்சம் நாலாவது மாசம்தான் வரும். அவன்கிட்ட இருந்ததோ 5 லட்சம். ரெண்டு மாசத்துல கணக்குப்படி லாபம் 1.20 லட்சம், கையில மிச்சம் 20 ஆயிரம். இதுல லோன் ஈஎம்ஐ கட்டணும். கடைக்காரர் காசு கொடுத்தாலும் கொடுக்காட்டியும், பில் போட்டாச்சுன்னா ஜிஎஸ்டி கட்டணும். மூணாவது மாசம் அடுப்பு பத்த வைக்க முடியல. சரக்கு நின்னதும் கடைக்காரர் பழைய பாக்கியையும் இழுத்தடிச்சார். இன்னைக்கு தம்பி ஓசூர்ல வேலைக்குப் போறான், அந்த லோனை இன்னும் கட்டிக்கிட்டிருக்கான்.

அந்தக் கடைக்காரர் ஆர்டரை டபுள் ஆக்கியிருந்தா? 7.20 லட்சம் 14.40 லட்சமா ஆகியிருக்கும். அதாவது இன்னும் சீக்கிரமா மூடியிருப்பான். வியாபாரம் வளர்றதுக்கும் காசு வேணும். இதை யாரும் சொல்றதில்ல.

சதவீதத்தை விட்டுட்டு நாளை எண்ணுங்க

நம்ம பக்கத்துத் தொழில் ரெண்டை எடுத்துக்குவோம். ஒண்ணு மாங்கூழ். 2004 வரைக்கும் தர்மபுரி மாவட்டத்துல இருந்த கிருஷ்ணகிரி இதுக்குப் பேர் போனது. மாம்பழ சீசன் சில மாசம்தான். அதுக்குள்ள வருஷம் பூரா விக்க வேண்டிய சரக்குக்குப் பழம் வாங்கி, கூழாக்கி, டின்ல அடைச்சாகணும். இன்னைக்குப் போட்ட காசு திரும்ப மாசக்கணக்காகும். பின்னாடி பேங்க் லிமிட் இல்லாம இந்தத் தொழிலுக்குள்ள போகக் கூடாது.

இன்னொண்ணு பால். பாலக்கோடு பக்கம் ஹட்சன் நிறுவனத்தோட பால் ஆலை இருக்கு. பாக்கெட் பால் தினமும் வித்து, தினமும் கணக்கு முடியற சரக்கு. அந்த நிறுவனத்தை உருவாக்கின ஆர்.ஜி. சந்திரமோகன் 1970-ல சென்னை ராயபுரத்துல 13,000 ரூபாய் முதலோட ஆரம்பிச்சது ஐஸ் வியாபாரம்தான். அதுதான் பிறகு அருண் ஐஸ்கிரீம் ஆச்சு. அவர் ஜெயிச்சதுக்குப் பல காரணம் சொல்லலாம். ஒரு ஆடிட்டரா என் கண்ணுல படறது இதுதான்: குச்சி ஐஸை மாசக்கணக்குல கடனுக்கு யாரும் வாங்க மாட்டாங்க. போட்ட காசு சீக்கிரம் திரும்பினா, சின்ன முதல்லயே திரும்பத் திரும்ப வியாபாரம் பண்ணலாம்.

ஆரம்பிக்கும் முன்னாடி இந்த நாலும்

1. சரக்கு எத்தனை நாள் உங்ககிட்ட இருக்கும், வித்த காசு எத்தனை நாள்ல வரும்னு கூட்டுங்க. உங்களுக்குச் சப்ளை பண்றவர் கொடுக்கற கடன் நாளைக் கழிங்க. மிச்சம் வர்ற நாளுக்கான அடக்கச் செலவு கையில இருக்கணும். தம்பிக்கு அது 90 நாள், 7.20 லட்சம்.

2. உற்பத்தி பண்றீங்கன்னா முதல் நாளே உத்யம் பதிவு பண்ணிடுங்க. இலவசம்தான். 2006-ம் வருஷ எம்எஸ்எம்இ சட்டப்படி, சிறு, குறு உற்பத்தியாளருக்கு அதிகபட்சம் 45 நாள்ல பணம் கொடுக்கணும். எழுத்துல ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாள்தான். கெடுவைத் தாண்டி, நிதியாண்டு முடிஞ்ச பிறகும் பாக்கி வச்சா, வாங்கினவர் அதை அந்த வருஷச் செலவா வருமான வரியில காட்ட முடியாது. இது 2023-24-ல இருந்து அமல்ல இருக்கு. சண்டை போட வேண்டாம், ஆர்டர் பேசும்போதே இதைச் சொல்லுங்க. தம்பிக்கு அந்த 90 நாள் கண்டிஷனே செல்லாதுன்னு தெரியாது. எனக்குத் தெரியும், ஆனா அவன் ஒப்பந்தத்தை நான் கேட்டே பார்க்கல.

3. ஒரே கஸ்டமரை நம்பி வேலையை விடாதீங்க. சனி, ஞாயிறுல பத்து பேருக்குக் கைக்காசுக்கு வித்துப் பாருங்க. காசு கொடுத்து ரெண்டாவது தடவை வாங்கறாங்களா? அதுதான் உண்மையான மார்க்கெட் ரிசர்ச்.

4. ஆறு மாச வீட்டுச் செலவும் ஈஎம்ஐயும் தனி அக்கவுன்ட்ல இருக்கட்டும். அது தொழில் பணம் இல்ல. தொழில் மூழ்கினாலும் அதைத் தொடாதீங்க.

இதைப் படிச்சுட்டு யாரும் பிசினஸே வேண்டாம்னு முடிவு பண்ணிடாதீங்க. தம்பியோட தொக்கு இன்னைக்கும் நல்லா விக்கும்னுதான் நான் நம்பறேன். போன மாசம் வந்து, "அண்ணா, திரும்ப ஆரம்பிக்கலாமா?"ன்னு கேட்டான். இந்தத் தடவை மார்ஜின் என்னன்னு நான் கேக்கல. "எத்தனை நாள்ல காசு வரும்?"னுதான் கேட்டேன்.

நீங்களும் முதல்ல அந்தக் கேள்வியைக் கேளுங்க.