விண்மீன்களின் கரும்புள்ளிகள்

கண்டி மாநகரிலே முகில் கலைந்த இரவில் வானை நோக்குவார்க்கு விண்மீன் ஒவ்வொன்றும் ஓர் ஒளிப்பொட்டாகவே தோன்றும். பெருந் தொலைநோக்கி கொண்டு நோக்கினும் மிகச் சிலவன்றி ஏனையவை பொட்டாகவே நிற்கும். அங்ஙனமாகவும், அவற்றின் மேனியிலுள்ள கரும்புள்ளிகளை அறிஞர் படமாக வரைகின்றனர். பொட்டுக்குப் படம் வரைதல் எங்ஙனம் இயலும்?

விடையை நம் ஞாயிற்றிடத்தே தொடங்குதல் தகும். ஞாயிற்றின் மேற்பரப்பு ஏறக்குறைய 5,800 கெல்வின் வெப்பநிலையுடையது. அதன் கரும்புள்ளியோ 4,000 கெல்வின் அளவினது. வலிய காந்தப் புலம் உள்ளிருந்து எழும் வெப்பத்தைத் தடுத்தலின் அவ்விடம் குளிர்ந்து, ஒளி குன்றிக் கருமையாய்த் தோன்றுகிறது. அப்புலத்தை 1908 இல் அமெரிக்க அறிஞர் ஹேல் கண்டார். மறு ஆண்டிலேயே கொடைக்கானல் வானாய்வுக் கூடத்தில் ஜோன் எவர்செட், புள்ளியின் புறப்பகுதியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். அவர்க்குத் துணைநின்றது தொப்பிளர் விளைவு.

பேராதனைப் புகையிரத நிலையத்தை அணுகும் வண்டியின் ஊதல் சுருதி உயர்ந்தும், கடந்து அகலுங்கால் தாழ்ந்தும் ஒலிப்பதை யாவரும் அறிவர். ஒளியும் அத்தன்மைத்தே. அணுகும் பொருளின் நிறமாலைக் கோடு ஊதாப் பக்கமும், அகலும் பொருளினது செம்பக்கமும் பெயரும். சுழலும் விண்மீனின் ஒரு விளிம்பு நம்மை அணுக, மறு விளிம்பு அகலுதலின், அதன் நிறமாலைக் கோடு அகன்று தோன்றும். மேற்பரப்பிற் புள்ளியிருப்பின், அவ்விடத்து ஒளி குறைதலால் கோட்டினுள் ஒரு சிறு மேடு உண்டாகும். விண்மீன் சுழலச் சுழல அம்மேடு ஊதாப் பக்கத்திலிருந்து செம்பக்கம் நகரும். அது கோட்டின் நடுவைக் கடக்கும் நேரம் புள்ளியின் நெட்டாங்கை உணர்த்தும். அது நகரும் எல்லை அகலாங்கை உணர்த்தும். மத்தியகோட்டுக்கு அண்மையிலுள்ள புள்ளியின் மேடு ஓரந்தொட்டு ஓரஞ் செல்லும். துருவத்துக்கு அண்மையிலுள்ளதன் மேடு நடுவை விட்டு அகலாது.

இம்முறையால் வோக்ட், பென்ரோட் என்போர் 1983 இல் எச்.ஆர். 1099 என்னும் விண்மீனை வரைந்தனர். ஞாயிற்றின் புள்ளிகள் பெரும்பாலும் மத்தியகோட்டுக்கு இருபுறமும் 40 பாகைக்குள் அடங்க, அவ்விண்மீனிலோ துருவத்திலே பெரும்புள்ளி காணப்பட்டது. ஒளியின் முனைவாக்கத்தை அளந்து காந்தப் புலத்தையும் வரையும் வழியை 1989 இல் பிரெஞ்சு அறிஞர் செமல் வகுத்தார்.

எனினும் இப்படம் கண்ணாற் கண்டதன்று, கணித்துப் பெற்றது. ஒரே நிறமாலைக்குப் பல படங்கள் பொருந்தலாமாதலின், அவற்றுள் எளியதையே அறிஞர் கொள்வர். மெல்லச் சுழலும் விண்மீனின் கோடு போதிய அகலம் பெறாமையின், ஆண்டு இம்முறை பயன்படுவது அரிது.

இவ்வாய்வு வீண்முயற்சி அன்று. விண்மீனின் சிறு அசைவைக் கொண்டு அதனைச் சுற்றும் கோளைத் தேடுவாரைப் புள்ளிகள் ஏமாற்றுவதுண்டு. புள்ளியால் நேரும் கோட்டு மாற்றம் கோளின் ஈர்ப்பால் நேர்ந்தது போலத் தோன்றும். மாசு எது, மாற்றுலகு எது எனத் தெளிதற்கு முதலில் மாசினை அறிதல் வேண்டும்.