வண்டியில் துப்பாக்கி: தற்காப்புச் சட்டமும் ஆயுதச் சட்டமும்

தமிழகத்தைவிட்டு வெளியே வந்து டில்லியிலோ, நாகபுரியிலோ, ராய்ப்பூரிலோ குடியேறி வாழும் நம்மவருள் பலர் இன்று சொந்தக் கார் வைத்திருக்கின்றனர். விடுமுறைக்கு ஊர் செல்வதும், தொழில் நிமித்தம் மாநிலம் விட்டு மாநிலம் போவதும் அந்தக் காரிலேதான். நாமக்கல்லிலிருந்து புறப்படும் லாரிகளோ, இரவு பகல் பாராமல் இந்தியாவின் நான்கு திசைகளிலும் ஓடுகின்றன. ஆள் நடமாட்டமற்ற நெடுஞ்சாலையில், நள்ளிரவில், முன்பின் அறியாத ஒருவன் கை காட்டி வண்டியை மறித்தால் உள்ளம் நடுங்குவது இயல்பே. அவ்வாறு ஒருமுறை நடுங்கியவரிடம், "ஒரு துப்பாக்கி வாங்கி வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள், ஐயா! தற்காப்புக்குத்தானே? யார் கேட்கப் போகிறார்கள்?" என்று யோசனை கூறுவோரும் இருக்கின்றனர்.

இந்த யோசனையில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஆபத்து நேர்ந்தால் எதிர்த்துத் தாக்க எனக்கு உரிமை உண்டா என்பது ஒன்று. அதற்காகத் துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்ல எனக்கு உரிமை உண்டா என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் விடை கூறும் சட்டங்கள் வேறு வேறு. முதலாவது உரிமை எல்லோருக்கும் உண்டு. எவரிடமும் மனுப் போட்டுப் பெற வேண்டுவதில்லை. இரண்டாவதோ, உரிமம் பெற்றவருக்கு மட்டும், உரிமத்தில் எழுதியுள்ள அளவுக்கு மட்டும் உண்டு. ஒன்று இருப்பதனால் மற்றொன்றும் இருக்கிறது என்று கொள்வதே பெரும்பாலான துன்பங்களுக்கு வேராகும்.

முதலில் தற்காப்பைப் பார்ப்போம். 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகள் இதைப் பற்றியவை. 2024 ஜூலை முதல் நாளிலிருந்து அச்சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதை நடைமுறையில் இருக்கிறது. அதில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் பழைய விதிகளையே பெரும்பாலும் அப்படியே ஏற்றுக்கொண்டுள்ளன. சட்ட நூல்களை மொழிபெயர்க்கும்போது நாம் 'தற்காப்பு' என்று எழுதிவிடுகிறோம். ஆனால் மூலத்தின் பொருள் அதனினும் விரிந்தது. தன் உடலை மட்டுமன்றிப் பிறர் உடலையும், தன் பொருளை மட்டுமன்றிப் பிறர் பொருளையும் காக்கும் உரிமை அது. வழியில் அயலார் ஒருவர் தாக்கப்படுவதைக் கண்டு அவருக்குத் துணை நிற்பவரையும் அவ்வுரிமை காக்கிறது.

இவ்வுரிமைக்கு எல்லைகள் உண்டு. அவற்றுள் முக்கியமானவை இரண்டு, 37ஆம் பிரிவில் கூறப்பட்டுள்ளன. அரசின் பாதுகாப்பை நாட அவகாசம் இருக்கும்போது இவ்வுரிமை இல்லை. காப்புக்குத் தேவையான அளவைவிட மிகுதியான தீங்கு இழைக்கவும் இவ்வுரிமை இல்லை.

எதிரியின் உயிர் போகும் அளவுக்குத் தாக்குவதைச் சட்டம் எப்போது பொறுத்துக்கொள்கிறது? மரணமோ கொடுங்காயமோ நேரும் என்ற நியாயமான அச்சம், பாலியல் வன்முறை, ஆட்கடத்தல், அமில வீச்சு போன்ற சில நிலைகளை 38ஆம் பிரிவு வரிசைப்படுத்துகிறது. பொருளைக் காக்கும்போதோ, வழிப்பறி, சூரியன் மறைந்தபின் உதயத்துக்கு முன் வீட்டை உடைத்துப் புகுதல், குடியிருக்கும் கட்டடத்துக்குத் தீவைத்தல் முதலியவற்றுக்கு மட்டும் அவ்வளவு தூரம் செல்லலாம் என்கிறது 41ஆம் பிரிவு. வெறும் திருட்டாக இருந்தால், அதனால் மரணமோ கொடுங்காயமோ நேரும் என்ற நியாயமான அச்சமும் உடன் இருக்க வேண்டும்.

இங்கே வண்டி வைத்திருப்போர் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. அமெரிக்காவில் டெக்சஸ் போன்ற சில மாநிலங்களில், ஆள் இருக்கும் வண்டிக்குள் பலாத்காரமாகப் புகுபவனை எதிர்ப்பதை, வீட்டுக்குள் புகுபவனை எதிர்ப்பதற்கு இணையாகச் சட்டம் கருதுகிறது. அங்குள்ள உறவினர் சொல்லியும், திரைப்படங்களில் பார்த்தும், நம் நாட்டிலும் அப்படியே என்று நினைப்பவர் உண்டு. நம் சட்டம் வண்டிக்கு அத்தகைய தனி நிலை எதனையும் தரவில்லை. நிறுத்தி வைத்த காரை ஒருவன் திருட முயல்கிறான் என்பதற்காக மட்டும், மாடியிலிருந்து அவனைச் சுட்டு வீழ்த்த உரிமை இல்லை. அதே காரை வழியில் மறித்துக் கத்தியைக் கழுத்தில் வைத்தால் அது வழிப்பறி, உயிரச்சமும் கூடியது. அப்போது உரிமை முழுமையாக எழுகிறது. உரிமையைத் தருவது ஆபத்தின் தன்மையே.

உச்சநீதிமன்றம் இவற்றை எவ்வாறு பார்க்கிறது என்பதற்கு இரண்டு வழக்குகள் சான்று. 1950 மார்ச் மாதத்தில் மத்தியப் பிரதேசத்துக் கட்னி நகரில் கலகம் மூண்டது. ஒரே கட்டடத்தில் ஒரு பகுதியைக் கூட்டத்தினர் உடைத்துச் சூறையாடிவிட்டு, அடுத்த பகுதியிலிருந்த கடையின் கதவைத் தடிகளால் அடிக்கத் தொடங்கினர். கடைக்காரரின் குடும்பத்தார் உள்ளே இருந்தனர். அவர் இருமுறை சுட்டார், ஒருவர் இறந்தார். கீழ்நிலையில் தண்டிக்கப்பட்ட அவரை 1952இல் உச்சநீதிமன்றம் விடுதலை செய்தது. கதவு உடையும்வரை காத்திருந்துதான் சுட வேண்டும் என்பதில்லை. அச்ச வேளையில் ஒருவர் செய்ததைப் பின்னர் பொன் நிறுக்கும் தராசில் இட்டு நிறுப்பது முறையன்று என்பது அத்தீர்ப்பின் கருத்து.

மற்றொரு வழக்கு பஞ்சாபைச் சேர்ந்தது, 1962இல் தீர்ப்பானது. வயல் உரிமை பற்றிய சண்டையில் ஒரு சாரார் துப்பாக்கி எடுத்தனர். தாக்க வந்தவனைச் சுட்டது ஒருபுறம் இருக்க, சண்டை முறிந்து ஓடிக்கொண்டிருந்தவர்களையும் சுட்டனர். சட்டத்துக்கு அடங்கிய குடிமகன் ஆபத்தைக் கண்டு ஓட வேண்டும் என்று சட்டம் எதிர்பார்ப்பதில்லை என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆயினும், ஆபத்து நீங்கிய கணத்திலேயே உரிமையும் நீங்கிவிடுகிறது. ஓடுபவனைச் சுடுவது காப்பு ஆகாது, பழிவாங்கல் ஆகும் என்ற அடிப்படையில் அவர்களுடைய வாதத்தை ஏற்க மறுத்தது.

நல்லெண்ணத்துடன் காத்துக்கொள்ளும்போதே எல்லை மீறிக் கொன்றுவிட்டால், அது கொலைக்குற்றத்திலிருந்து ஒருபடி குறைந்த குற்றமாகலாம். குற்றமே இல்லை என்று ஆகிவிடாது. தற்காப்புக்காகவே செய்தேன் என்று காட்டும் பொறுப்பும் குற்றம் சாட்டப்பட்டவரையே சேர்ந்தது. ஐயத்துக்கு இடமின்றி அவர் நிரூபிக்க வேண்டுவதில்லை. அப்படி நடந்திருக்கக் கூடும் என்பதே மிகுதி என்று தோன்றினால் போதும். ஆயினும் அந்த நிலையை எட்டும் வரையில் கைது, சிறை, வழக்கு ஆகியவற்றை மொழி தெரியாத ஊரில் தாங்கியாக வேண்டும் என்பதை மறத்தலாகாது.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். துப்பாக்கி பற்றியது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். அதன்கீழ் உள்ள விதிகள் 2016இல் புதிதாக வகுக்கப்பட்டன. சட்டமும் 2019இல் திருத்தப்பட்டது. உரிமம் இல்லாமல் எவரும் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருத்தல் கூடாது என்பது 3ஆம் பிரிவு. திருத்தத்துக்குப் பின், ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கவும் இயலாது. 21 வயது நிரம்பாதவருக்குத் தற்காப்புக்கான உரிமம் கிடையாது. உரிமமின்றி வைத்திருந்தால், 25ஆம் பிரிவின்படி தண்டனை பொதுவாக 2 ஆண்டுக்குக் குறையாமல் 5 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. 'தற்காப்புக்கு வைத்திருந்தேன்' என்பது இக்குற்றத்துக்கு விடையாகாது. சிலர் ரகசியமாக விற்கும் நாட்டுத் துப்பாக்கியை மலிவாக வாங்கிக் காரின் இருக்கைக்கு அடியில் வைத்துக்கொள்பவர், கள்வனுக்கு அஞ்சித் தாமே குற்றவாளி ஆகிவிடுகிறார்.

உரிமம் பெற்றவரும் கவலையற்று இருத்தல் இயலாது. உரிமத்தாளில் அது செல்லுபடியாகும் எல்லை எழுதப்பட்டிருக்கும். சில உரிமங்கள் ஒரு மாவட்டத்துக்கு, சில ஒரு மாநிலத்துக்கு, சிலவே இந்தியா முழுமைக்கும் உரியவை. மதுரையில் பெற்ற உரிமம் தமிழ்நாட்டுக்கு மட்டுமே செல்லும் என்று கொள்வோம். அதை உடையவர் துப்பாக்கியுடன் காரில் ஓசூரைக் கடந்து கர்நாடகத்துக்குள் நுழைகிறார். கார் மாறவில்லை, துப்பாக்கி மாறவில்லை, உரிமத்தாளும் பையில் இருக்கிறது. ஆயினும் அந்தத் தாளின் துணை மாநில எல்லையிலேயே நின்றுவிடுகிறது. பயணத்துக்கு முன்பே உரிமம் அளித்த அதிகாரியிடம் விண்ணப்பித்து எல்லையை விரிவாக்கிக்கொள்ள வேண்டும்; இயலாதெனில் துப்பாக்கியை வீட்டில் விட்டுச் செல்ல வேண்டும். வேறு மாவட்டத்துக்கோ மாநிலத்துக்கோ குடிபெயர்ந்து துப்பாக்கியையும் கொண்டு செல்வோர், பழைய அதிகாரிக்கும் புதிய இடத்து அதிகாரிக்கும் 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும். நம்மவர் அடிக்கடி தவறவிடும் கடமை இதுவே.

துப்பாக்கியைக் கொண்டு செல்லும் முறைக்கும் விதி உண்டு. பொது இடத்தில் கைத்துப்பாக்கி அதற்குரிய உறையிலோ பையிலோ முற்றிலும் மறைந்திருக்க வேண்டும்; கொண்டு செல்பவரின் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். முன்கண்ணாடிக்கு அருகே பிறர் காண வைப்பதும், காரில் விட்டுவிட்டு உணவு விடுதிக்குள் செல்வதும் இவ்விதிக்கு ஒவ்வாதவை. திருவிழா, சமய ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிலைய வளாகம் ஆகிய இடங்களுக்கு எடுத்துச் செல்லுதல் கூடாது என்பது உரிம நிபந்தனைகளுள் ஒன்று. தேர்தல் காலங்களில் ஆயுதங்களை ஒப்படைக்குமாறு உத்தரவு பிறப்பதும் உண்டு. நிபந்தனையை மீறினால் 6 மாதம் வரை சிறையோ, 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம், உரிமமும் ரத்தாகலாம். திருமண ஊர்வலத்தில் மகிழ்ச்சிக்காகச் சுடும் வழக்கத்தை வடமாநிலங்களில் காண்கிறோம். பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி அவ்வாறு சுடுவது 2019 முதல் தனிக் குற்றம். 2 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

முதலாளியின் துப்பாக்கி வண்டியில் இருந்தால் டிரைவரின் நிலை என்ன? உரிமம் உடையவர் உடன் இருக்கும்போதோ, அவர் எழுதிக் கொடுத்த அதிகாரத்துடனோ, பழுதுபார்க்கவும், உரிமத்தைப் புதுப்பிக்கவும், உரிமையாளரின் உபயோகத்துக்காகவும் மட்டுமே மற்றொருவர் அதை எடுத்துச் செல்லலாம். 'ராத்திரிப் பயணம், வைத்துக்கொள்' என்று வாய்மொழியாகக் கொடுத்தனுப்புவது டிரைவரைச் சிறைக்கு அனுப்புவதாகும். கையில் ஏந்தியிருப்பது மட்டுமே வைத்திருத்தல் அன்று. இருப்பதை அறிந்து, தன் ஆளுகையில் கொண்டிருப்பதும் வைத்திருத்தலே என்று 1972இல் உச்சநீதிமன்றம் விளக்கியுள்ளது. ஆகவே, உடன் வரும் நண்பரின் பையில் என்ன இருக்கிறது என்பதையும் வண்டிக்கு உரியவர் கேட்டறிதல் நன்று.

போலீஸ் அதிகாரி வண்டியை நிறுத்திக் கேட்டால், துப்பாக்கி இருப்பதை முதலில் வாயால் தெரிவித்து, கைகளை அவர் காணும்படி வைத்து, உரிமத்தைக் காட்டுதல் நலம். உரிமத்தைக் கேட்க 19ஆம் பிரிவு அவருக்கு அதிகாரம் அளிக்கிறது. சொல்லுமுன்பே உறையை நோக்கிக் கை நீட்டுதல் இரு தரப்பாருக்கும் ஆபத்து.

அப்படியாயின் துப்பாக்கி இல்லாத பயணி நிராதரவானவரா? அல்லர். அவசர உதவிக்கு 112 என்ற எண்ணும், தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 என்ற எண்ணும் இருக்கின்றன. ஐயத்துக்கு இடமான இடத்தில் கண்ணாடியை ஏற்றிக் கதவைப் பூட்டி, வெளிச்சமும் ஆட்களும் உள்ள பெட்ரோல் நிலையம் வரை வண்டியை ஓட்டிச் செல்வது கோழைத்தனம் அன்று. எல்லாம் கடந்து ஆபத்து கழுத்துக்கே வந்துவிட்டால், கையில் கிடைத்ததைக் கொண்டு தம்மையும் உடன் வந்தோரையும் காத்துக்கொள்ளும் உரிமை, உரிமத்தாள் இல்லாத ஏழை லாரி டிரைவருக்கும் உண்டு. அவ்வுரிமையை அவரிடமிருந்து எவரும் பறிக்க இயலாது. துப்பாக்கி உடையவரோ புறப்படுமுன் உரிமத்தாளை ஒருமுறை விரித்து, எல்லை எதுவரை, காலம் எதுவரை என்று படித்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுப்பாராக.