முகூர்த்தத்துக்கு முந்தின படம்

எங்கள் அப்பாயி இறந்த அன்று மாலை போட்டு வைக்க வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூட இல்லை. பெட்டியைக் கிளறியதில் தேசிய அடையாள அட்டைதான் அகப்பட்டது. தம்பி அதை எடுத்துக்கொண்டு ஹேவாஹெட்ட டவுனுக்கு ஓடினான். ஸ்டூடியோக்காரர் அந்தச் சின்னக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பெருப்பித்து, சேலைக்கு நீலம் கொடுத்து, பின்னால் ஒரு நீர்வீழ்ச்சியையும் வைத்துத் தந்தார். நாற்பது வருடம் கொழுந்தெடுத்த மனுஷி, ஏதோ ஓர் அதிகாரியின் மேசைக்கு முன்னால் நிற்பதுபோல உதட்டை இறுக்கிக்கொண்டு இன்றும் எங்கள் சுவரில் இருக்கிறார். தோட்டப்புறத்தில் பல லயங்களில் மூத்தவர்களின் சட்டம் போட்ட படம் இப்படி அடையாள அட்டையிலிருந்து வந்ததுதான்.

இத்தனைக்கும் இரண்டு வருடம் முன்பு, 2017இல், அண்ணன் கல்யாணத்துக்குக் கண்டியிலிருந்து போட்டோக்காரரைப் பிடித்திருந்தோம். ஆயிரத்து நூறு படம் கொடுத்தார். அப்பாயி போன பிறகு நானும் தம்பியும் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். தோரணம் பதினாறு படத்தில் இருந்தது, கேக் ஒன்பது படத்தில். அப்பாயி ஒரே ஒரு படத்தில், யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால், பாதி முகமாக. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மூலையில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்த கிழவி அந்த வீட்டுக்கு யார் என்று போட்டோக்காரருக்கு எப்படித் தெரியும்? நாங்கள் யாரும் சொல்லவில்லையே.

போன ஆவணியில் தங்கச்சி கல்யாணம் வந்தபோது, போட்டோ வேலையை நானே பொறுப்பெடுத்தேன்.

இந்த மலைக்குப் போட்டோ புதிதல்ல. 1870களிலேயே கண்டியில் ஸ்கோவன் என்ற வெள்ளைக்காரர் ஸ்டூடியோ நடத்தினார். தோட்டங்களை எடுத்த அவருடைய படங்கள் வெளிநாட்டு நூலகங்களில் பத்திரமாக இருக்கின்றன. இங்கிலாந்தில் பேர் பெற்ற ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாவில் இறந்து, பொகவந்தலாவையில் அடக்கமானார். அவர் இங்கே எடுத்த முகங்களும் படங்களாக இன்றும் இருக்கின்றன. ஆனால் பலவற்றின் கீழ் ஆளின் பெயர் இல்லை. இளம்பெண் என்றோ ஒரு கூட்டம் என்றோதான் இருக்கும். எங்களுக்குப் பக்கத்து மலையான லூல்கந்துரையில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லருக்குப் படம் இருக்கிறது. அந்த 19 ஏக்கரில் மண்வெட்டி பிடித்தவர்களுக்கு முகம் இல்லை. கல்யாணத்துக்கு எதற்கு இவ்வளவு படம் என்று யாராவது கேட்டால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

முதலில் பணம். எங்களுக்கு வந்த பெக்கேஜ் ஒரு இலட்சத்து முப்பதாயிரம் ரூபா. தோட்டத்தில் எதையும் பேர் கணக்கில், அதாவது வேலைநாள் கணக்கில்தான் பார்ப்போம். 2024இல் நாட்சம்பளம் 1350 ஆனது. அப்படியானால் அம்மா 96 நாள் மலையேறி இறங்கியதற்கு ஈடு அந்த ஆல்பம். அவ்வளவு பணத்தை வாய்ப்பேச்சில் கொடுக்கக்கூடாது. எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, ஆல்பத்தில் எத்தனை பக்கம், என்லார்ஜ்மென்ட் என்ன அளவு, கண்டியிலிருந்து தலாத்துஓயா வழியாக வந்துபோகும் வாகனக் கூலி இதற்குள் அடங்குமா, அட்வான்ஸ் எவ்வளவு, மிச்சம் எப்போது, ஆல்பம் எந்தத் தேதியில் கையில் வரும், எல்லாம் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வைத்துக்கொண்டோம். எழுதக் கேட்டதும் முகம் சுளித்த ஒருவரை அங்கேயே விட்டுவிட்டோம்.

ஃபேஸ்புக்கில் போடும் நல்ல படம் ஐம்பதைப் பார்த்து ஆளைத் தீர்மானிக்காதீர்கள். யாருக்கும் வருடத்தில் ஐம்பது நல்ல படம் வாய்க்கும். ஒரு கல்யாணத்தை முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை அப்படியே காட்டச் சொல்லுங்கள், அதுவும் கோயிலுக்குள் எடுத்ததை. ஓமப்புகைக்குள், ட்யூப் லைட் வெளிச்சத்தில் முகம் எப்படி வந்திருக்கிறது என்பதில் ஆளின் திறமை தெரிந்துவிடும். அன்றைக்கு நேரில் வரப்போவது யார் என்றும் கேட்க வேண்டும். பேசுவது ஒருவர், வருவது அவரிடம் வேலை பழகும் பையன் என்று முகூர்த்த நாட்களில் நடக்கிறது. படத்தை எத்தனை மெமரி காட்டில் பதிகிறார், அன்றிரவே வேறோர் இடத்தில் கொப்பி எடுத்து வைப்பாரா என்பதையும் கேட்டேன். ட்ரோன் வேண்டுமென்றால் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் அனுமதி அவரிடம் இருக்க வேண்டும்.

இன்னொன்றைப் போட்டோக்காரரிடம் நான் கெஞ்சியே கேட்டேன். "தம்பி, எங்க நிறத்தை மட்டும் மாத்திராதீங்க." அண்ணன் ஆல்பத்தில் அண்ணியை மாவு பூசினதுபோல வெளுக்க வைத்திருந்தார்கள்; அண்ணியின் அம்மா அதைப் பார்த்துவிட்டு, இது என் பிள்ளையே இல்லை என்று மூடி வைத்தார். இந்தப் போட்டோக்காரர் சிரித்துவிட்டு, "சரி டீச்சர், இருக்கிறது இருக்கிற மாதிரியே வரும்" என்றார். சொன்னபடியே செய்தார்.

ப்ரீ ஷூட்டுக்குப் பேராதனைப் பூங்கா, ஹந்தானை என்று எல்லோரும் போகிறார்கள். பூங்காவில் இதற்குத் தனிக் கட்டணம் உண்டு, முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள். தங்கச்சி வேறு மாதிரி கேட்டாள். அம்மா கொழுந்தெடுத்த அதே மலையில், அம்மாவையும் நிற்க வைத்து எடுக்க வேண்டும் என்றாள். தோட்டத் துரையிடம் கேட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனோம். கூடையை மாட்டி நிற்கும் விளையாட்டு வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். இரண்டு பேரும் சும்மா பேசிக்கொண்டு ரோட்டில் நடந்து வந்தார்கள். நன்றி சொல்லிக் கொடுக்கும் தேங்கிங் காட்டில் அந்தப் படத்தைத்தான் போட்டோம்.

வெளிச்சத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாமல் இருந்தது. அண்ணன் கல்யாணத்துக்கு மழைக்குப் பயந்து நீல விரிப்பில் பந்தல் போட்டோம். வெயில் அதற்குள்ளால் இறங்கி எல்லோர் முகத்திலும் நீலம் பூசிவிட்டது. அதைக் கழுவி எடுக்க முடியாதாம். இம்முறை போட்டோக்காரர் ஒரு வாரம் முன்பே கோயிலை வந்து பார்த்தார், பந்தலுக்கு வெள்ளைத்துணிதான் வேண்டும் என்றார். நாங்கள் மேலே நீல விரிப்பை வைத்துக்கொண்டு கீழே வெள்ளை கட்டினால் போதுமா என்று கேட்டோம். போதாது, நீலம் வடிந்து இறங்கும் என்றார். கடைசியில் ஒளி ஊடுருவும் வெள்ளை பிளாஸ்டிக்கை வாடகைக்கு எடுத்தோம். கலர் பல்புகளை மணவறைக்கு மேலே தொங்கவிடாமல் வாசலோடு நிறுத்திக்கொண்டோம். எங்கள் பக்கம் இரண்டு மணிக்கு மேல் பனிமூட்டம் இறங்கிவிடும், ஐப்பசியில் மழையும் சேரும். அதனால் குடும்பப் படங்களைப் பந்திக்குப் பிறகு என்று தள்ளாமல், தாலி கட்டி ஆசீர்வாதம் முடிந்த கையோடு எடுத்துவிட்டோம்.

பெண் அலங்காரம் முடிய எப்போதும் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகும். அந்த ஒரு மணியைக் கணக்கில் சேர்த்தே அலங்காரக்காரரை வரச் சொல்லுங்கள். போட்டோக்காரருக்கும் அவர் ஆட்களுக்கும் காலைச் சாப்பாட்டை முதலில் போடுங்கள். அதிகாலையில் கண்டியில் புறப்பட்டு வளைவுகளில் ஏறி வந்தவர்கள். தாலி கட்டும் நேரம் போனைத் தூக்கிக்கொண்டு யாரும் முன்னால் வரவேண்டாம் என்று எங்கள் பெரியப்பா மைக்கில் இரண்டு தரம் சொன்னார். அதனால்தான் மாப்பிள்ளையின் விரல் மூன்றாம் முடிச்சில் இருப்பதும், பின்னால் விளக்குப் பிடித்த நாத்தனாரின் கண் கலங்கியிருப்பதும் ஒரே படத்தில் விழுந்தன.

இத்தனைக்கும் மேல் பெயர்த் தாள். ஒரு கொப்பித்தாளில் முப்பத்தொரு பெயர் எழுதினேன். யார் என்ன முறை, யாரை யாரோடு நிறுத்த வேண்டும், யாரால் நீண்ட நேரம் நிற்க முடியாது என்றெல்லாம். போட்டோக்காரருக்கு இதெல்லாம் தெரியாது என்பதால் தம்பியை அவர் கூடவே விட்டேன், ஆளைக் கூப்பிட்டுக் கொண்டுவர. முதல் பெயர் அம்மாயி, அம்மாவின் அம்மா. முகூர்த்தம் பத்தரைக்கு. அம்மாயியின் படம் எட்டு மணிக்கு.

அம்மாயி முதலில் சம்மதிக்கவில்லை. "என்னயப் போயி எதுக்குடி படம் புடிக்கிறீங்க, பொண்ணப் புடிங்க." பிறகு பெட்டியைத் திறந்து ஒரு பழைய படத்தைக் கொண்டுவந்தார். சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் அவருடைய அண்ணன் குடும்பம் இந்தியாவுக்குப் போகுமுன் கண்டி ஸ்டூடியோ ஒன்றில் எல்லோருமாக நின்று எடுத்தது. தலைமன்னாரில் கப்பலேறிய அண்ணனை அதன்பிறகு அம்மாயி பார்க்கவில்லை. "இது மாதிரியா எடுப்பான்?" என்று கேட்டார். இது மாதிரித்தான் என்றேன்.

இஸ்தோப்பில் ஸ்டூல் போட்டோம். வெயில் படாத, ஆனால் வெளிச்சம் முகத்துக்கு நேரே வருகிற இடம் பார்த்து, போட்டோக்காரர் ஸ்டூலை இரண்டடி உள்ளே தள்ளினார். கம்பளியைக் கழற்றச் சொல்லவில்லை. கமராவை இறக்கி வைத்துவிட்டு, எந்த மலையில் வேலை செய்தீங்க, கணக்கப்பிள்ளை யாரு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மாயி ஏதோ பழைய பெரட்டுக் கதையைச் சொல்லி, வாயில் வெற்றிலையோடு சிரித்தார். அப்போது எடுத்தார். மடியில் இரண்டு கையும் தெரிகிறது. வேலையை விட்டுப் பல வருடமாகியும் விரல் வெடிப்புகளில் கொழுந்துக்கறை கறுப்புக் கோடாக நிற்கிறது. அதைப் போட்டோக்காரர் அழிக்கவில்லை.

அந்தப் படத்தைப் பன்னிரண்டுக்குப் பதினெட்டில் போட்டு, பின்பக்கம் அம்மாயியின் முழுப்பெயர், ஊர், தோட்டம், தேதி எழுதி மாட்டியிருக்கிறோம். அம்மாயி தினமும் அதைப் பார்க்கிறார்.

தை மாதத்துக்குக் கல்யாணம் வைத்திருப்பவர்களே, நல்ல போட்டோக்காரருக்கு இப்போதே சொல்லிவையுங்கள். முகூர்த்த நாளில் கடைசியில் தேடினால் கிடைக்கமாட்டார்கள். இன்றைக்கே ஒரு தாளில் பெயர்களை எழுதுங்கள். வீட்டில் மூத்தவர் பெயரை முதலில் எழுதுங்கள்.