குட்டைத் துடுப்புச் சண்டைமீனும் உவர்நிலத்துத் தண்ணீரும்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பழவேற்காடு ஏரி, தெற்கே ஆரணியாறும் வடக்கே சுவர்ணமுகியும் கொண்டுவரும் நன்னீரும் முகத்துவாரத்தின் வழியே ஏறிவரும் கடல்நீரும் கலந்த உவர்நீர்ப் பரப்பாகும். பருவமழை ஓய்ந்த நாட்களில் உப்புக் குறைந்து கிடக்கும் அந்நீர், முகத்துவாரம் தூர்ந்துபோகும் கோடையில் கடலைவிடவும் உப்பேறிவிடுவதுண்டு. மடவையும் இறாலும் நண்டும் இந்த ஏற்றத்தாழ்வுக்குப் பழகியவை. ஆனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், கூனங்குப்பம் போன்ற கரையோர ஊர்களில், கடைகளில் 'ஃபைட்டர்' என்று விற்கப்படும் சண்டைமீனை வீட்டுத் தொட்டியில் வளர்க்க முனைவோர், மீனின் நிறத்தையும் விலையையும் பார்ப்பதற்கு முன் வீட்டுக்கு வரும் தண்ணீரைப் பார்த்தாக வேண்டும்.

அறிவியலார் பெட்டா ஸ்பிளெண்டன்ஸ் என அழைக்கும் இம்மீன் தாய்லாந்தின் நெல்வயல்களுக்கும் சதுப்புகளுக்கும் உரியது. இந்த அறிவியற்பெயரை 1910-இல் சார்லஸ் டேட் ரீகன் சூட்டினார், 2019-இல் தாய்லாந்து அரசு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. பந்தயச் சண்டைக்காகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட இம்மீனின் வளர்ப்பு வரலாறு குறைந்தது 400 ஆண்டுப் பழமையுடையது என்று 2022-இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று கணித்தது. சேலைத் தலைப்பைப் போல் தொங்கும் நீண்ட துடுப்புகள் அழகுக்காகப் பிற்காலத்தில் பெருக்கப்பட்டவை. வயலில் வாழும் மீனுக்கும் சண்டைக்கு வளர்க்கப்பட்ட மீனுக்கும் துடுப்பு குட்டையானதே. அக்குட்டைத் துடுப்பு வகை 'பிளாகாட்' எனவும், அவற்றுள் வாலை 180 பாகை அரைவட்டமாக விரிப்பது 'ஹாஃப்மூன் பிளாகாட்' எனவும் விற்கப்படுகின்றன. துடுப்புச் சுமை இல்லாததால் பிளாகாட் விரைந்து நீந்தும். துடுப்பு கிழிதலும் அழுகலும் நீண்ட துடுப்பு மீனைவிட இதற்குக் குறைவு. பார்வைக்குக் குறைந்தது என்று ஒதுக்கப்படும் இதுவே, முதன்முதலாக மீன் வளர்ப்போருக்கு ஏற்றது எனலாம்.

இம்மீன் சிறிது நேரத்துக்கு ஒருமுறை மேலே வந்து, வாயை நீர்ப்பரப்பில் வைத்துக் காற்றை ஒரு மிடறு விழுங்கிச் செல்வதைக் காணலாம். செவுள்களுக்கு மேலே, தலையின் இருபுறத்துக் குழிகளிலும், மடிப்பு மடிப்பான மெல்லிய எலும்புத் தகடுகளின்மேல் இரத்த நாளம் செறிந்த சவ்வு போர்த்தியிருக்கிறது. விழுங்கிய காற்றிலுள்ள ஆக்சிஜன் அதன் வழியே இரத்தத்தில் சேர்கிறது. இதற்கு லேபிரிந்த் உறுப்பு என்று பெயர். தமிழகக் கரையும் இவ்வுறுப்புடைய மீன்களுக்குப் புதிதன்று. பனையேறிக் கெண்டை அத்தகையது. 1791-இல் தரங்கம்பாடியில் அம்மீன் ஒன்று பனைமரத்தில் ஏறியதைக் கண்டதாக டேனியப் படையதிகாரி டால்டார்ஃப் எழுதியதை லண்டன் லின்னேயன் சங்கம் 1797-இல் வெளியிட்டது. மரமேறும் கதையைப் பின்வந்தோர் ஐயுற்றாலும், ஈரத் தரையில் அது ஊர்ந்து செல்வதை எவரும் மறுக்கவில்லை. சண்டைமீனுக்கு இன்னும் நெருங்கிய உறவு, புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பம் ஆற்று மீனைக் கொண்டு விலங்கியலார் குவியே 1831-இல் விவரித்த சூடோஸ்ஃப்ரோமெனஸ் குபானஸ் என்னும் சிறுமீன். வாய்க்காலிலும் வயலோரத்திலும் வாழும் அதுவும் நுரைக்கூடு கட்டி முட்டையைக் காக்கும் இனமே.

காற்றை விழுங்கும் இந்தத் திறமே சண்டைமீனுக்குக் கேடாகவும் முடிந்திருக்கிறது. கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் ஒன்றையொன்று கடிக்காதிருக்கும் பொருட்டு ஆண்மீன்கள் தனித்தனிச் சிறு கலங்களில் வைக்கப்படுகின்றன. வாங்குவோர் அதையே வாழிடமாகக் கருதி, வீட்டிலும் ஊறுகாய்ப் பாட்டிலளவு நீரில் விட்டுவிடுகின்றனர். லேபிரிந்த் உறுப்பு ஆக்சிஜன் பற்றாக்குறையிலிருந்து மீனைக் காக்குமேயன்றி அதன் சொந்தக் கழிவிலிருந்து காக்காது. செவுள் வழியே வெளியேறும் அம்மோனியாவும் மிஞ்சிய தீனி அழுகி உண்டாகும் அம்மோனியாவும் செவுளையே அரிக்கும் நஞ்சாகும். தொட்டியின் வடிகட்டியிலும் மணலிலும் குடியேறும் ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்நுண்ணுயிர்கள் பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். ஆகவே 15 முதல் 20 லிட்டர் கொள்ளும் தொட்டியும், மெல்ல ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும், வாரந்தோறும் கால் பங்கு நீர் மாற்றலும் ஆடம்பரமல்ல. நீர் முழுவதையும் கொட்டி, தொட்டியைத் தேய்த்துக் கழுவும் பழக்கம் அந்நுண்ணுயிர்களையும் சேர்த்தே ஒழித்துவிடுகிறது.

மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடி நீருக்குள் புகுந்திருப்பது பல பத்தாண்டுகளாக ஆய்வுகளில் பதிவான செய்தி. உப்பேறிய கிணற்று நீரும் போர்வெல் நீரும் இந்நன்னீர் மீனுக்கு ஆகா. கேன் தண்ணீரை மட்டுமே ஊற்றுவதும் தீர்வாகாது, ஆர்.ஓ. முறையில் தாது உப்புகள் நீக்கப்பட்ட நீரில் அமில காரத்தன்மை நிலைகொள்ளாமல் ஏறி இறங்கும். குழாயில் வரும் குடிநீரையோ, சிறு பங்கு கிணற்று நீர் கலந்த கேன் நீரையோ பயன்படுத்தி, கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் அளவு சில நூறு பிபிஎம்முக்குள் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்தது. குளோரின் கலந்த குழாய் நீரை அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைக்கலாம், அல்லது கடையில் கிடைக்கும் ஆன்ட்டி குளோரின் சொட்டு மருந்தைச் சேர்க்கலாம். நாட்டு வாதுமை மரத்தின் உதிர்ந்து காய்ந்த இலை ஒன்றைக் கழுவிப் போட்டால், அதிலிருந்து கசியும் டானின் நீரைத் தேநீர் நிறமாக்கிச் சற்றே அமிலப்படுத்தும். இது தாய்லாந்து வளர்ப்போரின் பழைய வழக்கம். ஐயம் இருப்பின் கேட்க மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி பொன்னேரியிலேயே இருக்கிறது.

வெப்பத்துக்கு இப்பகுதியில் பஞ்சமில்லை. 24 முதல் 28 பாகை செல்சியஸ் வரை மீனுக்கு இதம் என்பதால், ஓட்டு வீட்டின் வெயில் படும் சன்னலோரம் தவிர்க்கத்தக்கது. பிளாகாட் நன்கு துள்ளும் மீன், எனவே காற்றுப் புகும் மூடி இன்றியமையாதது. கொசுப்புழுவை விரும்பி உண்ணும். சாக்கடையில் எடுத்த டியூபிஃபெக்ஸ் புழு நோய் கொண்டுவரும்.

இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் வைக்க இயலாது. இனப்பெருக்கத்துக்கு விடப்படும் பெண்ணையும் முட்டையிட்ட உடனே அகற்றிவிட வேண்டும். எச்சில் பூசிய காற்றுக் குமிழிகளால் ஆண் கட்டிய கூட்டில் முட்டைகள் ஒன்றிரண்டு நாளில் பொரியும், நழுவி விழுபவற்றை அதுவே வாயில் கவ்வி மேலே ஏற்றும். ஒரே ஈட்டில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் பொரிக்கக்கூடும் என்பதால், மிகுதியானவற்றை என்ன செய்வது என்ற கேள்வி எழுகிறது. ஏரியின் உப்பில் அவை பிழைக்கமாட்டா. பொன்னேரிப் பக்கத்துக் குளங்களும் வயல் வாய்க்கால்களுமோ சண்டைமீனின் பிறப்பிடத்தை ஒத்தவை, அங்கே விட்டால் அவை நிலைகொண்டுவிடக்கூடும். ஆஸ்திரேலியாவின் வடபகுதியில், அடிலெய்டு ஆற்றின் வெள்ளச் சமவெளியில், இம்மீன் குடியேறி நிலைத்துவிட்டது. மிஞ்சிய மீன்களைக் கடைக்கோ வளர்க்கும் வேறொருவருக்கோ கொடுக்கலாமேயன்றி, குபானஸ் கூடு கட்டும் நீரில் விடலாகாது.