ஒரு நாள் கூலியும் ஓர் அட்டையும்

மல்லசமுத்திரத்தில் கூலிக்குத் தறி ஓட்டுகிற குடும்பம் எங்களுடையது. என் வீட்டுக்காரர் தறியில் நிற்பார். நான் தார் சுற்றுவேன். 2019 ஐப்பசியில் ஒரு ராத்திரி, பாதி ஷிப்டில் அவருக்கு நெஞ்சு அடைத்தது. 108-ல் திருச்செங்கோடு போய், ஊசி போட்டு, அங்கிருந்து சேலத்துக்குக் கொண்டுபோனோம். "ரத்தக்குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைக்கணும். காப்பீட்டு அட்டை இருக்குதுங்களாம்மா?" என்று கேட்டார்கள். இல்லை.

தகுதி இருந்தது. ஒரு நாள் கூலி போய்விடுமே என்று தள்ளிப்போட்டிருந்தோம். மகன் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டும் ஆதாருமாக நாமக்கல் கலெக்டர் ஆபீசுக்கு ஓடினான். அதுவரை ஆன செலவுக்குத் தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கினோம். அட்டை பதிவான பிறகு ஸ்டென்ட்டுக்குப் பத்து பைசா கேட்கவில்லை. ஆனால் அந்த முன்பணம் கழிய ஒன்றரை வருஷம் ஆனது.

அதிலிருந்து எங்கள் வீதியில் யார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் துணைக்குப் போகிறேன். அப்படித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

இந்த அட்டைக்கான திட்டம் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமானது. 2018-ல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தது. இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆளுக்கு 5 லட்சம் அல்ல. பிரீமியம் முழுவதையும் அரசே கட்டுகிறது. முன்பு ஆண்டு வருமான வரம்பு 72,000, அதாவது மாதம் 6,000. 2022 ஜனவரியில் தொடங்கிய ஐந்தாண்டுக் காலத்துக்கு அது 1,20,000 ஆனது. தறிக்கூலிக் குடும்பங்கள் பல அதற்குப் பிறகுதான் உள்ளே வந்தன.

ஒவ்வொரு சிகிச்சைக்கும் தொகை முன்பே வகுக்கப்பட்டிருக்கிறது. ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவு நம் ரிப்போர்ட்டுகளைக் கம்ப்யூட்டரில் அனுப்பும். காப்பீட்டு நிறுவனத்தின் டாக்டர்கள் பார்த்து அனுமதி தருவார்கள். பணம் நம் கைக்கு வராது, ஆஸ்பத்திரிக்கே போகும். அரசு ஆஸ்பத்திரிக்கும் அப்படித்தான். அங்கே அட்டையைக் காட்டினால் அந்த ஆஸ்பத்திரிக்கு வருமானம். சாதாரணக் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க இது உதவாது. பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியா, பட்டியலில் உள்ள சிகிச்சையா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் ஓரிடத்தில் மருந்துக்கென்று தனியாகப் பணம் கேட்டார்கள். "ரசீது கொடுங்க, 1800 425 3993-க்குப் பேசிட்டுக் கட்டறோம்" என்றேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது. அந்த எண் கட்டணமில்லாதது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ரேஷன் கார்டை வைத்துத்தான் அட்டை என்பதால், அதில் மருமகள் பெயர், பேரன் பெயர் ஏறியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அட்டை இல்லாதவர்கள், உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய் எடுத்துவிடுங்கள். அந்த ஒரு நாளை மிச்சம் பிடித்ததற்கு நாங்கள் ஒன்றரை வருஷம் உழைத்துக் கழித்தோம்.