வாயில்லா ஜீவன்களுக்கு ஒரு மருத்துவர்

மாட்டுப் பொங்கல் கழிந்து ஓரிரு நாளில், சனவரி 17 அன்று, வனத்து அந்தோணியார் திருநாள் வருகின்றது. அன்று ஆலய முற்றத்திற்கு ஓட்டி வரப்படும் ஆடு மாடுகளின் மீது நாம் தீர்த்தம் தெளித்து மன்றாடுகிறோம். ஆனால் மன்றாட்டோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா?

நம் பங்கில் ஒரு விதவைத் தாயின் கறவைப் பசு, கன்று ஈன்ற மறுநாள் விழுந்துவிட்டது. காதுகள் குளிர்ந்து, தலை மடங்கிக் கிடந்தது. "இனிப் பிழைக்காது" என்றனர் அயலார். அப்போது வந்த இளம் பெண் மருத்துவர், "இது பால் காய்ச்சல், இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்துக் குறைந்துவிட்டது" என்று கூறி, கால்சியம் மருந்தை நரம்பின் வழியே மெல்லச் செலுத்தினார். ஒரு மணி நேரத்திற்குள் பசு எழுந்து நின்றது. அக்குடும்பத்தின் அடுப்பும் அணையாது தப்பியது.

அதனைக் கண்டு நின்ற பிளஸ் டூ மாணவி ஒருத்திக்குத் தானும் அவ்வாறே ஆகவேண்டுமென்ற ஆவல் பிறந்தது. அவள் தந்தையோ, "நீட் எழுதாம டாக்டர் படிப்பு ஏதுங்க சாமி? அதுவும் பொட்டப் புள்ளைக்கு மாட்டு வைத்தியமா?" என்றார். இவ்விரு தயக்கங்களும் பல இல்லங்களில் இருப்பதால் இங்கே விளக்க விழைகிறோம்.

கால்நடை மருத்துவப் பட்டப் படிப்பில் சேர, பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்றிருத்தல் வேண்டும். உயிரியலுக்குப் பதிலாகத் தாவரவியலும் விலங்கியலும் பயின்றிருக்கலாம். தமிழக ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் தேவையில்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணே அளவுகோல். உயிரியலுக்கு நூறு, மற்ற இரண்டுக்கும் சேர்த்து நூறு என 200-க்குக் கணக்கிட்டுத் தரவரிசை அமைக்கின்றனர். அகில இந்திய ஒதுக்கீடான 15 விழுக்காட்டு இடங்களுக்கே நீட் வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடும் உண்டு.

படிப்பு ஐந்தரை ஆண்டுகள். அதில் இறுதி ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி. பின்னர்க் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு செய்த பின்னரே மருத்துவம் பார்க்க இயலும். அரசு மருந்தகங்கள், கோழிப் பண்ணைகள், பால் கூட்டுறவு ஒன்றியங்கள் எனப் பணிக்களங்கள் பலவாம்.

சென்னை வேப்பேரியில் 1903-இல் தோன்றிய கல்லூரியை நாடியே ஒரு காலத்தில் நம் பிள்ளைகள் செல்ல வேண்டியிருந்தது. 1985-இல் நாமக்கல்லிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி எழுந்தது. இன்று சேலம் மாவட்டத்துத் தலைவாசலிலும் ஒரு கல்லூரி உள்ளது. முட்டைக்குப் பேர்போன நம் நாமக்கல்லில், வாசலுக்கு வந்த வாய்ப்பை அறியாமையால் இழக்கலாகுமா?

பெண்ணுக்கு இப்பணி ஆகாது என்போர், விழுந்த பசுவை எழுப்பியவர் யார் என்பதை எண்ணிப் பார்க்கட்டும். நீதிமானின் அடையாளங்களுள் ஒன்றாகக் கால்நடைகளின் மீதுள்ள பரிவைக் குறிக்கின்றது நீதிமொழிகள் நூல்.

பெற்றோரே, பிளஸ் டூ முடிவுகள் வரும் வரை காத்திராதீர்கள். பதினோராம் வகுப்பில் பாடப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் அந்நாளிலேயே உங்கள் பிள்ளையின் விருப்பத்தைக் கேளுங்கள். உயிரியலை விடுத்தால் இக்கதவு அடைபட்டுவிடும். விண்ணப்பிக்கும் காலத்தையும் தவறவிடாதீர்கள். அம்மாணவியின் தந்தை இப்போது இசைந்துவிட்டார். வருங்காலத்தில் வனத்து அந்தோணியார் திருநாளன்று நாம் தீர்த்தம் தெளிக்கையில், அருகில் நம் பங்கின் மகள் ஒருத்தி மருந்துப் பெட்டியுடன் நிற்க இறைவன் அருள்வாராக!