வாகனப் புகையும் பின் ஆசனத்துப் பிள்ளைகளும்

வாகனம் என்றாலே அது ஆண்களின் விவகாரம் என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். பெட்ரோல் அடிப்பதும், கராஜுக்குக் கொண்டுபோவதும், வருடா வருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுப்பதும் அவர்கள் பாடு. ஆனால் அதே வாகனத்தின் பின் ஆசனத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் யார்? நாம்தானே! ஆகவே இந்த விஷயத்தைச் சற்றுப் பொறுமையோடு வாசியுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய டொயோட்டா கொரோலா வேகன் உண்டு. 1985ஆம் ஆண்டுத் தயாரிப்பு. என் மாமா ஆசையாக வாங்கி, கண்ணைப் போல் காத்த வண்டி. அவர் மௌத்தான பிறகும் விற்க மனம் வரவில்லை. நாங்கள் இருப்பது தலவிலக் கரையோரம். புனித அன்னம்மாள் ஆலயத்தின் மார்ச், ஆகஸ்ட் திருவிழாக்களுக்கு நாடெங்கிலுமிருந்து பஸ்களும் வான்களும் வரிசை கட்டி வருமே, அதே ஊர்தான். மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு. இரண்டுக்கும் நடுவே மணலும் உப்புக் காற்றும். இங்கே கதவின் கீலே துருப்பிடிக்கும்போது, வாகனத்தின் அடிப்பாகத்தைக் கேட்க வேண்டுமா?

இலங்கையில் 2008ஆம் ஆண்டு வாகனப் புகைப் பரிசோதனை தொடங்கியது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. பெட்ரோல் வாகனமாக இருந்தால் புகைக் குழாயினுள் ஒரு கருவியை நுழைத்து, காபன் மொனொக்சைட்டும் எரியாத ஹைட்ரோகாபனும் எவ்வளவு வெளிவருகின்றன என்று அளப்பார்கள். டீசல் வாகனமாக இருந்தால் புகையின் கருமையை அளப்பார்கள். எங்கள் வண்டி முதல் தடவையிலேயே தோற்றுப்போனது. காபன் மொனொக்சைட் எல்லையைத் தாண்டிவிட்டது.

"நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல் மின் நிலையம் நிலக்கரியை எரித்துத் தள்ளுகிறது, எங்கள் சின்னக் குழாய்தான் இவர்களுக்குப் பெரிதாகத் தெரிந்ததா?" என்று என் கணவர் முணுமுணுத்தார். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்தப் புகைபோக்கி வானத்தில் இருக்கிறது. இந்தக் குழாய் என் பிள்ளையின் தலையிலிருந்து நாலடி தூரத்தில் இருக்கிறது. இது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

கராஜில் ஒருவர் சுலபமான வழி சொன்னார். காபரேட்டரின் திருகை இறுக்கிப் பெட்ரோலைக் குறைத்துப் பரிசோதனையில் தேறிவிடலாம், வந்த பிறகு பழையபடி தளர்த்திக்கொள்ளலாமாம். எத்தனையோ பேர் இப்படிச் செய்கிறார்கள். நான் வேண்டாம் என்றேன். கருவியை ஏமாற்றலாம், மூச்சுக் குழாயை ஏமாற்ற முடியுமா?

வேறொரு வயதான பாஸிடம் போனோம். அவர் ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டினார். காற்று வடிகட்டி முழுக்க மணல் தூசி. மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொன்னால் நம்மால் முடியுமா? இஞ்சினுக்கும் அப்படித்தான். காற்றுப் போதாவிட்டால் பெட்ரோல் அரைகுறையாக எரியும். அடுப்பில் ஈர விறகு புகைவது போல, அந்த அரைகுறை எரிதலில்தான் காபன் மொனொக்சைட் பிறக்கிறது. போதாதற்கு, காலையில் ஸ்டார்ட் செய்ய உதவும் 'சோக்' தகடு துருவேறிப் பாதி மூடியபடியே இறுகிக் கிடந்தது. இஞ்சினுக்குள் கசியும் வாயுவைத் திரும்ப எரிப்பதற்குக் கொண்டுபோகும் ரப்பர் குழாய் வெடித்திருந்தது. பிளக்குகள் நான்கும் கரி.

அந்தக் காலத்து ஜப்பான் வாகனங்களில் புகைக் குழாயின் நடுவே வினையூக்கி மாற்றி என்றொரு பெட்டி இருக்கும். உள்ளே தேன்கூடு போன்ற துளைகளில் பிளாட்டினம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் பூசப்பட்டிருக்கும். நச்சு வாயு அதைக் கடக்கும்போது பெருமளவு தீங்கற்றதாக மாறிவிடும். ஈயம் கலந்த பெட்ரோல் பட்டால் அது பாழ். நம் நாட்டில் ஈயப் பெட்ரோல் 2002இல்தான் நின்றது. (உலகிலேயே கடைசியாக அல்ஜீரியாவில் நின்றது 2021இல்!) எங்கள் வண்டியின் பெட்டியைத் திறந்தால், உள்ளே ஒன்றுமில்லை. எப்போதோ யாரோ குடைந்து எடுத்திருக்கிறார்கள்.

இனித்தான் என்னைத் திடுக்கிட வைத்த விஷயம். சைலன்சருக்கு முன்னால் குழாயில் விரல் நுழையும் அளவுக்குத் துருவோட்டை. பின் கதவின் ரப்பர் விளிம்பும் காய்ந்து பிளந்திருந்தது. "மகள், வேகன் ஓடும்போது பின்னால் காற்று சுழலும். அந்த இடைவெளியால் புகை உள்ளுக்குத்தான் வரும். பின் கண்ணாடியைத் திறந்தால் இன்னும் மோசம்" என்றார் பாஸ்.

என் சின்ன மகள் புத்தளம் போகும்போதெல்லாம் தலையிடி என்பாள், வாந்தி எடுப்பாள். பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்துக் கூட்டிப்போவேன். குளிர்கிறது என்று முன் கண்ணாடிகளையும் ஏற்றிவிடுவேன். காபன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தலையிடி, குமட்டல், தூக்கம் என்றுதான் தொடங்கும். கர்ப்பிணிகளுக்கும் வயிற்றிலுள்ள சிசுவுக்கும் ஆபத்து இன்னும் அதிகம். வாகனத்தில் பிள்ளைக்கு வருவது வெறும் பயண மயக்கமா, புகையா? இறங்கி வெளிக்காற்றில் நின்றதும் தலையிடி குறைகிறதா, மற்ற வாகனங்களில் போகும்போது வருவதில்லையா என்று கவனியுங்கள். இன்ஜினை ஓடவிட்டுக் கண்ணாடியை மூடிக்கொண்டு பிள்ளைகளை உள்ளே உறங்க விடாதீர்கள். மூடிய கராஜில் ஒரு நிமிடமும் வேண்டாம்.

புதுக் குழாய் போட்டோம். வடிகட்டி, பிளக்குகள், ரப்பர் குழாய்கள் மாற்றினோம். காபரேட்டரைக் கழுவிச் சீர்செய்தார். பழையதொரு வினையூக்கி மாற்றியையும் தேடிப் பொருத்தினார். அது சூடேறினால்தான் வேலை செய்யும் என்பதால், பரிசோதனை நிலையத்துக்கு நேரே ஓட்டிப்போய், வரிசையில் இன்ஜின் ஆறிவிடாமல் காத்திருந்தோம். இரண்டாம் தடவை தேறியது.

பின் கதவு ரப்பருக்குத்தான் அலைச்சல். இந்த மொடலுக்கு அசல் கிடைக்கவில்லை. கடைசியில் அளவெடுத்து வாங்கிய ரப்பர் பட்டியை நானே பசை தடவி ஒட்டினேன். மழை பெய்த நாளில் ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை. இப்போது வாரம் ஒருமுறை அடிப்பாகத்துக்கு நல்ல தண்ணீர் அடித்து உப்பைக் கழுவுகிறோம். அந்தக் குழாயைப் பிடிப்பது என் மகள்தான்.